ரங்கூனில் எரிந்த காகிதங்கள்

நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வாசல்களில் காவலுக்கு நிற்பவர்களில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரிடம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, தனக்கு வரவேண்டிய பதக்கம் ஒன்று இன்னும் வரவில்லை என்றும், எழுதிப் போட்டால் பதிவு இல்லை என்று பதில் வருகிறது என்றும் வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பதிவு இல்லாவிட்டால் ஒரு மனிதர் போருக்குப் போனதே இல்லை என்று ஆகிவிடுமா? இதைப் பற்றிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், முறையான ராணுவத்தில் பதக்கம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வீரச் செயலுக்குக் கொடுப்பது ஒரு வகை. அதற்கு மேலதிகாரி அப்போதே பரிந்துரை எழுதியிருக்கவேண்டும். இன்னொரு வகை, குறிப்பிட்ட போரில் குறிப்பிட்ட இடத்தில் இருந்ததற்குக் கொடுப்பது. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், அவை தவிர சங்கிராம் பதக்கம். போரில் காயம்பட்டவர்களுக்குப் பராக்கிரம பதக்கம். காயம் உடம்பில் இருந்தால் மட்டும் போதாது, அது எதிரியால் பட்டது என்று அன்றைக்கே காகிதத்தில் ஏறியிருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரில். விடுப்பு, மாற்றல், கல்யாணம், குழந்தை பிறந்தது வரை பார்ட் டூ ஆர்டரில் வரும். அதில் வந்தால்தான் சர்வீஸ் புத்தகத்தில் ஏறும். யூனிட் கிளார்க் ஒருவர் அன்று விட்டுப்போனது ஐம்பது வருடம் கழித்துப் பதக்கமாக வராது. என்றாலும், இவர்களுக்குக் கேட்பதற்கு ஓர் ஆபீஸ், தேடுவதற்கு ஒரு நம்பர், கையில் ஒரு டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. இவை எதுவுமே இல்லாமல் ஒரு படையில் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சொல்கிறேன். நம் பெரியவர்கள் ஐ.என்.ஏ. என்பார்கள்.

அந்தப் படையின் காகிதங்கள் ஒரு முறையல்ல, பல முறை அழிந்தன. 1942 டிசம்பரில் ஜப்பானியர் ஜெனரல் மோகன் சிங்கைக் கைது செய்தபோது, அவருடைய உத்தரவுப்படி முதல் ஐ.என்.ஏ. கலைக்கப்பட்டது. படைச் சின்னங்களையும் பதிவுகளையும் அவர்களே அழித்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து படையை மறுபடி எழுப்பினார். 1944இல் இம்பால் தோல்வி, மழையிலும் பட்டினியிலும் பின்வாங்கல். 1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை நகருக்குள் வந்துவிட்டது. எதிரி கையில் பெயர்ப் பட்டியல் கிடைத்தால் பின்தங்கியவர்களுக்கு ஆபத்து. அதனால் புறப்படுமுன் காகிதங்களைக் கொளுத்தினார்கள். அன்றைக்கு அது அந்த வீரர்களைக் காப்பதற்காகச் செய்தது. பின்னால் அவர்களுடைய சாட்சியே அந்தத் தீயில் போயிற்று என்று ஆகிவிட்டது.

காகிதத்தோடு நிற்கவில்லை. சிங்கப்பூர் கடற்கரையோரம் ஐ.என்.ஏ.யின் மறைந்த வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நேதாஜியின் தற்காலிக அரசு சொந்தமாகப் பதக்கங்களும் வைத்திருந்தது. ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த் என்று பெயர்கள். மணிப்பூரின் மொய்ராங்கில் 1944 ஏப்ரலில் கொடியேற்றிய கர்னல் ஷௌகத் மாலிக், சர்தார்-இ-ஜங் பெற்றவர். ஆனால் கொடுத்த அரசே மறைந்துவிட்ட பிறகு அந்தப் பதக்கத்தை எந்த ஆபீசில் போய்ச் சரிபார்ப்பது?

இங்கே ஒரு வேடிக்கையான வேறுபாடு உண்டு. ஐ.என்.ஏ.யில் ஒரு பகுதியினர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து சிறைப்பட்டு, பிறகு மாறியவர்கள். போர் முடிந்ததும் அவர்களை விசாரித்து, வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கருப்பு என்று முத்திரை விழுந்தவர்களைச் சம்பளப் பாக்கிகூட இல்லாமல் வெளியே அனுப்பினார்கள். கொடுமைதான். ஆனால் அந்த விசாரணைத் தாளே பின்னால் இவர் ஐ.என்.ஏ.யில் இருந்தார் என்பதற்குச் சான்றாயிற்று. எதிரி எழுதி வைத்த குற்றப்பத்திரிகை தியாகிக்கு அத்தாட்சி.

நம்ம ஊர்க்காரர்களில் பலருக்கு அந்த வழியும் கிடையாது. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், பர்மாவில் கூலி வேலை செய்தவர்கள், கடைப் பையன்கள் இவர்களெல்லாம் தோட்டத்திலிருந்தும் கடையிலிருந்தும் நேராகப் படைக்குப் போனவர்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறைய இருந்தார்கள். இவர்களுக்கு முந்தைய ரெஜிமெண்ட் இல்லை, ராணுவ நம்பர் இல்லை. இவர்கள் பெயர் இருந்த ஒரே ஏடு ஐ.என்.ஏ.யின் ஏடுதான். அது போயிற்று. கப்பலேறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஒரு தகரப் பெட்டியோடு இறங்கியவர்களிடம் காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

சுதந்திர இந்தியா ஐ.என்.ஏ.க்காரர்களை மறுபடி ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. 25ஆம் சுதந்திர ஆண்டான 1972இல்தான் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. தாமிரப் பட்டயமும் அப்போது கொடுத்தார்கள். 1980இல் திட்டத்தை விரிவாக்கி, பெயரில் ‘சம்மான்’ என்ற சொல்லைச் சேர்த்து, வருமான வரம்பையும் நீக்கினார்கள். சம்மான் என்றால் மரியாதை. ஏழைக்குப் போடும் படியல்ல, நாடு செய்யும் மரியாதை என்று பொருள்.

மரியாதை வாங்க வேண்டிய காகிதங்களைப் பாருங்கள். பொதுவாக ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்கவேண்டும், அதற்குச் சிறைச் சான்று வேண்டும். சிறைப் பதிவேடு இல்லையென்றால், பதிவேடு கிடைக்கவில்லை என்று மாநில அரசு ஒரு சான்று தரவேண்டும். அதாவது, காகிதம் இல்லை என்பதற்கும் ஒரு காகிதம்! அதோடு உடன் சிறையிலிருந்தவர்களின் சான்று. ரங்கூன் சிறையின் பதிவேடு வேறு நாட்டில். உடன் இருந்தவர் ராமநாதபுரத்தில் இருக்கிறாரா, பினாங்கில் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று எழுபது வயதுக்காரர் எங்கே தேடுவார்?

நம் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ரங்கூன் சிறையில் இருந்த ஐ.என்.ஏ. வீரர் ஒருவர் 1980இல் மாநில அரசிடம் தியாகி பென்ஷன் கேட்டு மனுப் போட்டார். 2017இல்தான், அவருக்கு 89 வயதான பிறகு, பென்ஷன் கொடு என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பத்தேழு வருடம்! அவர் படையில் இருந்த காலத்தைவிட, அதை நிரூபிக்க அலைந்த காலம் எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் இரக்கமில்லாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், தாமதமாக மனுப் போட்டார் என்பதற்காகத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், கிரிமினல் வழக்குக்குக் கேட்கிற மாதிரி கறாரான ஆதாரம் தியாகியிடம் கேட்கக்கூடாது, நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்று பார்த்தால் போதும் என்ற கருத்தில் தீர்ப்பு வந்தது.

அதிகாரிகள் பக்கத்தையும் சொல்லவேண்டும். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் ஏராளமாகப் பென்ஷன் வாங்கியது வெளியே வந்து, நீதிபதி பால்கர் ஆணையம் விசாரித்து, உச்ச நீதிமன்றம் வரை போனது. உடன் சிறையிலிருந்தவர் சான்றை விலைக்கு வாங்க முடியும் என்றால், எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்? போலி ஒருவர் வாங்கும் ஒவ்வொரு சான்றும் உண்மையான கிழவருக்கு இன்னொரு கதவை அடைக்கிறது.

அப்படியானால் என்ன செய்திருக்கலாம்? வெளிநாடுகளைப் பார்க்கலாம். 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டனில் ஒரு கிடங்கு எரிந்து, முதல் உலகப் போரில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களின் சர்வீஸ் தாள்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராணுவ ஆவணக் கட்டடம் எரிந்து, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்றால், சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிப் பதிவு, காலை ஆஜர் அறிக்கை என்று வேறு வேறு அலுவலகத் தாள்களிலிருந்து அந்த மனிதரின் சர்வீஸைத் திரும்பக் கட்டினார்கள். எரிந்தது அரசாங்கத்தின் கட்டடம், அதனால் தேடும் பொறுப்பில் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் ஐ.என்.ஏ. சம்பந்தமான 990 கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தது 1997இல். பென்ஷன் திட்டம் தொடங்கி 25 வருடம் கழித்து! கிழவர்கள் ஆதாரம் தேடி அலைந்த காலமெல்லாம் அந்தக் கோப்புகள் அமைச்சகத்தின் அலமாரியில் இருந்திருக்கின்றன. எல்லாருடைய பெயரும் அதில் இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால், ஆதாரம் கொண்டு வா என்று கேட்ட அரசு, தன் அலமாரியை முதலில் திறந்து பார்த்திருக்கவேண்டாமா? என்னுடைய ஆதங்கம் இது ஒன்றுதான்.

அந்தத் தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. ஆனால் 1962, 65, 71 ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் தாத்தாவின் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களிலும், சுதந்திரத்துக்குப் பின் நம் அரசு கொடுத்த பல பதக்கங்களிலும் நம்பர், பெயர், ரெஜிமெண்ட் பொறித்திருக்கும். ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத அந்த ஒரு வரி போதும். பாலிஷ் போட்டுத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, அசலைப் பீரோவில் வையுங்கள். உயிரோடு இருப்பவரிடம், எந்த யூனிட், எந்த ஊர், கூட இருந்தவர் யார் யார், கம்பெனி கமாண்டர் பெயர் என்ன என்று கேட்டு, தேதி போட்டு, அவர் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். கூட இருந்தவர் ஒருவர் சொல்லும் சாட்சிக்கு, இருவரும் இருக்கும்வரைதான் மதிப்பு.