ஆற்றல் என்னும் சொல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறைக்குள் சென்று, கடைசல் இயந்திரத்தின் மோட்டாரில் பதித்துள்ள தகட்டைப் பாருங்கள். 2 குதிரைத்திறன் என்று இருக்கலாம். ‘இதன் சக்தி அவ்வளவு’ என்பார் அருகில் நிற்பவர். நீங்களோ பாடநூலில் ‘ஆற்றல்’ என்று படித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றா?

ஆற்று என்பதற்குச் செய்தல், வல்லவராதல், பொறுத்தல், தணித்தல் எனப் பல பொருள் உண்டு. கடமையை ஆற்றுகிறோம், டீயையும் ஆற்றுகிறோம். (டீயை ஆற்றினால் அதன் வெப்ப ஆற்றல் குறைகிறது என்பது வேடிக்கை!) திருக்குறளில் ஈகை அதிகாரத்து 225-ஆம் குறளில் இச்சொல் வெவ்வேறு வடிவில் நான்கு முறை வருகிறது. பசியைப் பொறுப்பது தவம் செய்வோரின் வலிமை. பிறர் பசியைப் போக்குவது அதனினும் பெரிது என்பது கருத்து. அங்கே ஆற்றல் மனிதரின் பண்பு. அதற்கு அளவுகோல் இல்லை.

ஐரோப்பாவிலும் கதை இதுவே. ‘எனர்ஜி’யின் மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் செயல்படும் நிலை என்பது பொருள். 17-ஆம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ், நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவுக்கு ‘உயிருள்ள விசை’ என்று லத்தீனில் பெயரிட்டார். அதனையே 1807-இல் வெளியான தம் சொற்பொழிவுகளில் தாமஸ் யங் ‘எனர்ஜி’ என்றார். உயிர்த்துடிப்பைக் குறித்த சொல் இவ்வாறு கணக்குக்குள் வந்தது.

தமிழில் முன்பு சக்தி என்றே எழுதினர். இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல்; அது செலவாகும் வீதம் திறன். இலங்கைத் தமிழ் மாணவர் முன்னதைச் சக்தி என்றும் பின்னதை வலு என்றும் படிக்கின்றனர். எது மேல் என்ற வழக்கு எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. இரண்டையும் குழப்பாதிருப்பதே முக்கியம். குழப்பினால் தேர்வில் மதிப்பெண் போகும். பட்டறையில் மின்கட்டணக் கணக்கே தவறும்.

தகட்டில் உள்ளது திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அந்த மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாகும். அந்த யூனிட்தான் ஆற்றல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல்.

ஆவடிக்கு வாருங்கள். கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கியின் எஞ்சின் 535 குதிரைத்திறன். பின்னாளில் அங்கே உருவான அர்ஜுனுடையது 1,400. இவை திறன்கள். அவற்றின் ஆற்றலைத் தேடினால், நீங்கள் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, டீசல் தொட்டியை.