உலகக் கோப்பைக் கூடைப்பந்து: மண்டலத் தகுதிச் சுற்றுகள்

ஆடவர் உலகக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. அதில் ஆடும் அணிகளைத் தேர்ந்தெடுக்க, பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, ஆசியா-ஓசியானியா ஆகிய நான்கு மண்டலங்களில் தகுதிச் சுற்றுகளை நடத்துகிறது. இப்போதைய முறை 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 80 நாடுகள் ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் மாறி மாறி ஆடி, உலகக் கோப்பையின் 32 இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. கோப்பையை வெல்லும் அணியின் பெயர்தான் ஊருக்குத் தெரிகிறது. ஒரு நாட்டில் கூடைப்பந்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதோ இந்தத் தகுதிச் சுற்றுகளில்தான் தெரியவரும்.

பழைய முறை

ஃபிபா 1932 ஜூன் 18 அன்று ஜெனீவாவில் எட்டு நாடுகள் கூடி உருவாக்கிய அமைப்பு. அந்த எட்டில் அர்ஜென்டினாவும் லாத்வியாவும் உண்டு. இவ்விரு பெயர்களும் இக்கட்டுரையில் மீண்டும் வரும். முதல் உலகப் போட்டி 1950இல் புவனஸ் அயர்ஸில் பத்து அணிகளோடு நடந்தது. கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவை 64-50 என்று வீழ்த்தி அர்ஜென்டினா பட்டம் வென்றது.

பிற்காலத்தில் கண்டப் போட்டிகளே உலகப் போட்டிக்கு வாசலாயின. ஐரோப்பியக் கோப்பை 1935இலும், ஆசியக் கோப்பை 1960இலும், ஆப்பிரிக்கக் கோப்பை 1962இலும் தொடங்கியவை. ஒரே நாட்டில் இரண்டு வாரம் ஆடி, முதல் சில இடங்களைப் பிடித்தவர்கள் உலகப் போட்டிக்குச் சென்றார்கள். ஓசியானியாவில் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தமக்குள் ஆடிக்கொண்டாலே தகுதிச் சுற்று முடிந்துவிடும். இந்த முறை எளிமையானது, செலவு குறைந்தது. ஆனால் ஒரு நாட்டு ரசிகர் தம் தேசிய அணியைச் சொந்த ஊர் அரங்கில் பார்க்கும் வாய்ப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. அந்த இரண்டு வாரத்தில் முக்கிய வீரர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் நான்கு வருட உழைப்பும் வீண்.

இதைவிடப் பெரிய குறை ‘வைல்டு கார்டு’ எனப்பட்ட சிறப்பு அழைப்பு. 2006, 2010, 2014 ஆகிய மூன்று போட்டிகளிலும் 24 இடங்களில் நான்கை ஃபிபா தன் விருப்பப்படி வழங்கியது. களத்தில் தோற்ற அணிகள் விண்ணப்பம் போட்டு உள்ளே வந்தன. 2010இல் அப்படி வந்த லித்துவேனியா வெண்கலமே வென்றது. 2014இல் பின்லாந்து முதன்முறையாக உலகப் போட்டியைப் பார்த்ததும் இதே வழியில்தான். லித்துவேனியா அந்தப் பதக்கத்துக்கு முழுத் தகுதி உடையது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஆடிப் பெற வேண்டிய இடத்தை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வது விளையாட்டுக்கு அழகல்ல. புதிய முறை செய்த முதல் நன்மை, இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆறு விண்டோக்கள்

சீர்திருத்தத்தின்போது, 2018இல் வரவேண்டிய உலகக் கோப்பை கால்பந்து உலகக் கோப்பையோடு மோதாதிருக்க 2019க்குத் தள்ளப்பட்டது. அணிகள் 24இலிருந்து 32 ஆயின. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசிய மண்டலத்தோடு இணைக்கப்பட்டன.

தகுதி ஆட்டங்கள் ஆறு தவணைகளில் நடக்கின்றன. இத்தவணைக்கு விளையாட்டு வட்டாரத்தில் ‘விண்டோ’ என்று பெயர். ஒவ்வொரு விண்டோவிலும் ஓர் அணி பொதுவாக இரண்டு ஆட்டங்கள் ஆடும். முதல் சுற்றில் நான்கு அணி கொண்ட பிரிவுகள். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் உள்ளூரில் ஒன்று, வெளியில் ஒன்று என ஆறு ஆட்டங்கள் ஆடுவார்கள். கடைசி இடத்தில் இருப்பவர் வெளியேற, மீதி மூவர் இன்னொரு பிரிவின் மூவரோடு சேர்ந்து ஆறு அணிப் பிரிவாவார்கள். அங்கே புதிய எதிரிகளோடு மட்டும் மேலும் ஆறு ஆட்டங்கள். முதல் சுற்றின் முடிவுகள் அப்படியே கூட வரும். ஆகவே முதல் நவம்பரில் அலட்சியமாக விட்ட ஆட்டம் பதினைந்து மாதம் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஐரோப்பாவில் 32 அணிகள், மற்ற மூன்று மண்டலங்களில் பதினாறு பதினாறு. 2019 போட்டிக்கு ஐரோப்பாவுக்கு 12 இடங்கள், அமெரிக்கக் கண்டங்களுக்கு 7, ஆப்பிரிக்காவுக்கு 5, ஆசியா-ஓசியானியாவுக்கு 7, போட்டியை நடத்திய சீனாவுக்கு ஒன்று. ஆப்பிரிக்காவில் மட்டும் பயணச் செலவு கருதி, ஒரு பிரிவின் அணிகள் ஒரே நகரத்தில் கூடிச் சில நாளில் ஆடி முடிப்பதே வழக்கமாக இருந்தது.

வெற்றிக்கு இரண்டு புள்ளி, தோல்விக்கு ஒன்று, ஆடாமல் விட்டுக்கொடுத்தால் சுழியம். புள்ளிகள் சமமானால் சம்பந்தப்பட்ட அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு பார்க்கப்படும். அதுவும் சமமென்றால் அந்த ஆட்டங்களில் போட்ட கூடைப் புள்ளிகளின் வித்தியாசம். கூடைப்பந்துக்குப் புதியவர்களுக்கு விளங்காத ஒரு காட்சி இதனால் உருவாகிறது. பன்னிரண்டு புள்ளி பின்தங்கி, இரண்டு நிமிடமே மிச்சமிருக்கும் அணி, தோல்வி உறுதி என்று தெரிந்தும் டைம்-அவுட் கேட்கும், ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கப் பார்க்கும். முதல் ஆட்டத்தில் ஒன்பது புள்ளியில் வென்றிருந்தால், இன்று எட்டில் தோற்பதுகூட அதற்கு ஒரு வெற்றிதான்.

யார் வரவில்லை என்பதே கேள்வி

இந்த முறையின் பெரிய சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. நவம்பர், பிப்ரவரி விண்டோக்கள் அமெரிக்காவின் என்பிஏ, ஐரோப்பாவின் யூரோலீக் ஆகிய லீக்குகளின் பருவங்களின் நடுவே விழுகின்றன. அந்த லீக்குகள் தங்கள் ஆட்டங்களை நிறுத்துவதில்லை. அதனால் ஒரு நாட்டின் மிகச் சிறந்த ஐந்தாறு பேர் பெரும்பாலான தகுதி ஆட்டங்களில் இருக்க மாட்டார்கள். கோடை விண்டோவில் மட்டும் சிலர் வருவார்கள்.

ஸ்லோவேனியாவின் கதை இதற்குச் சாட்சி. 2017 செப்டம்பர் 17 அன்று இஸ்தான்புல்லில் செர்பியாவை 93-85 என்று வென்று அந்தச் சிறு நாடு ஐரோப்பிய சாம்பியன் ஆனது. இரண்டே மாதத்தில் தகுதிச் சுற்று தொடங்கியது. அணியின் முன்னணி வீரர் கோரன் திராகிச் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொரு முக்கிய வீரரான பதினெட்டு வயது லூகா டான்சிச் அப்போது ரியல் மாட்ரிட் கிளப்பில். ஐரோப்பாவையே வென்ற நாடு 2019 உலகக் கோப்பையில் இடமே பெறவில்லை.

அமெரிக்கா இதை வேறு விதமாகச் சமாளித்தது. ஜெஃப் வான் கண்டியைப் பயிற்சியாளராக வைத்து, என்பிஏவுக்குக் கீழேயுள்ள ஜி லீக் வீரர்களைக் கொண்டே அணியை அமைத்தது. 12 ஆட்டங்களில் 10 வெற்றி. 2018 ஜூனில் மெக்சிகோ நகரில் 78-70 என்று தோற்றது அந்த இரண்டு தோல்விகளில் ஒன்று. பெயர் தெரியாத அந்த வீரர்கள் வாங்கித் தந்த டிக்கெட்டில் நட்சத்திரங்கள் சீனாவுக்குப் போய் ஏழாம் இடத்தோடு திரும்பினார்கள். தகுதி வாங்கித் தந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை குறைவு என்றே எண்ணத் தோன்றுகிறது.

போகாவேயில் மூன்று பேர்

2018 ஜூலை 2 அன்று பிலிப்பைன்ஸின் புலாகான் மாகாணத்தில், போகாவே ஊரிலுள்ள பிலிப்பைன் அரங்கில் உள்ளூர் அணியும் ஆஸ்திரேலியாவும் மோதின. மூன்றாம் கால்பகுதியில் நான்கு நிமிடமும் ஒரு நொடியும் மிச்சம். ஆஸ்திரேலியா 79-48 என்று முன்னிலை. ஒரு பிலிப்பைன்ஸ் வீரர் எதிரணி வீரர் ஒருவரை இடித்தார். பதிலுக்கு ஆஸ்திரேலியாவின் டேனியல் கிக்கர்ட் முழங்கையால் தாக்கினார். அடுத்த கணம் மாற்று வீரர்கள் பெஞ்சிலிருந்து பாய்ந்தார்கள், நாற்காலி பறந்தது.

நடுவர்கள் காணொளியைப் பார்த்து 13 பேரை வெளியேற்றினார்கள். பிலிப்பைன்ஸில் ஒன்பது பேர், ஆஸ்திரேலியாவில் நான்கு பேர். சொந்த அரங்கில் பிலிப்பைன்ஸுக்கு மிஞ்சியது மூன்றே வீரர்கள். ஆட்டத்தைத் தொடங்கத்தான் ஐவர் வேண்டும். தொடர்வதற்குக் களத்தில் இருவர் இருந்தால் போதும் என்பது விதி. ஆகவே ஐவருக்கு எதிராக மூவர் ஆடினார்கள். பிறகு அவர்களில் இருவர் ஃபவுல் எண்ணிக்கை நிறைந்து வெளியேற, ஒற்றை ஆள் நிற்கையில் 89-53 என்று ஆட்டம் முடித்துவைக்கப்பட்டது. மூன்றாம் கால்பகுதியே முடியவில்லை.

ஃபிபா பிலிப்பைன்ஸின் பத்து வீரர்களையும் இரண்டு பயிற்சியாளர்களையும், ஆஸ்திரேலியாவின் மூன்று வீரர்களையும் இடைநீக்கம் செய்தது. பிலிப்பைன்ஸ் சங்கத்துக்கு 2,50,000 சுவிஸ் ஃபிராங்க், ஆஸ்திரேலியச் சங்கத்துக்கு 1,00,000 ஃபிராங்க் அபராதம் விதித்தது. கூடைப்பந்தை உயிராக நேசிக்கும் நாட்டில், அந்த நேசத்தின் முன்னிலையிலேயே இது நடந்தது பெரும் வருத்தம். இத்தனைக்குப் பிறகும் பிலிப்பைன்ஸ் 2019க்குத் தகுதி பெற்றது. பன்னிரண்டு ஆட்டம் கொண்ட நீண்ட முறை, ஒரு கறுப்பு நாளை அணி கடந்துவர இடம் தருகிறது.

2023க்கான பாதை

2023 உலகக் கோப்பையைப் பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து நடத்தின. முதல் இரண்டுக்கும் நேரடி இடம். இந்தோனேசியாவுக்கு மட்டும் நிபந்தனை: ஜகார்த்தாவில் 2022 ஜூலையில் நடந்த ஆசியக் கோப்பையில் முதல் எட்டுக்குள் வர வேண்டும். சீனாவிடம் தோற்று அந்த வாய்ப்பு போனது. வீட்டில் விருந்து, பந்தியில் இடமில்லை என்ற நிலையில் அந்நாட்டு ரசிகர்கள் பிற அணிகளின் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

இந்தத் தகுதித் தொடரில் வெளியுலகம் இரண்டு முறை குறுக்கிட்டது. தென்கொரிய அணி 2022 பிப்ரவரியில் கொரோனா தொற்றால் மணிலா பயணத்தைக் கைவிட, தகுதி நீக்கம் செய்யப்பட்டது. உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ரஷ்யாவும் பெலாரஸும் நீக்கப்பட்டன, அவை ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் அழிக்கப்பட்டன.

2023 பிப்ரவரி 26 அன்று மார் டெல் பிளாட்டாவில், சொந்த ரசிகர்கள் முன்னால், டொமினிக்கன் குடியரசிடம் 79-75 என்று அர்ஜென்டினா தோற்றது. ஃபிபாவை நிறுவியவர்களில் ஒன்று, முதல் உலக சாம்பியன், 2019இல் இறுதி ஆட்டம் வரை வந்த நாடு. நான்கு புள்ளி வித்தியாசத்தில் அதற்கு உலகக் கோப்பை இல்லாமல் போயிற்று. 2010இல் இருந்ததுபோல் விண்ணப்பம் போட வழி இருந்திருந்தால் அர்ஜென்டினாவுக்கு இடம் மறுக்கப்பட்டிருக்குமா? அந்தத் தோல்வி எவ்வளவு கசந்தாலும், அது களத்தில் நேர்ந்தது.

மறுபுறம் லாத்வியா. 1935இல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அந்நாடு, முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்று, முதல் முயற்சியிலேயே ஐந்தாம் இடம் பிடித்தது. சுமார் ஐந்து லட்சம் மக்களே உள்ள கேப் வெர்டேயும் அதே ஆண்டில் அறிமுகமானது.

எல்லாவற்றையும் விட நெஞ்சைத் தொடுவது தெற்கு சூடான். 2011இல் பிறந்த நாடு, 2013இல் ஃபிபாவில் சேர்ந்தது. சர்வதேச ஆட்டம் நடத்தத்தக்க உள்ளரங்கம் இல்லாததால் தகுதி ஆட்டங்கள் எல்லாமே வெளிநாட்டு மண்ணில். முன்னாள் என்பிஏ வீரர் லுவோல் டெங் சங்கத் தலைவராக இருந்து, போரால் பல நாடுகளுக்குச் சிதறிப்போன குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தார். 12 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்றில்தான். உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க அணிகளில் முதலிடம் பெற்றுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் சென்றது. பெரிய நாடுகளின் நட்சத்திரங்கள் வராத நவம்பர்களும் பிப்ரவரிகளும், எல்லோரையும் திரட்டி வந்த ஒரு புதிய நாட்டுக்குக் கதவைத் திறந்தன.

மகளிர் உலகக் கோப்பைக்கு இந்த நீண்ட முறை இல்லை. அங்கே கண்டக் கோப்பைகளுக்குப் பின் நான்கு அணி கொண்ட குறுகிய தொடர்கள் வைக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் பெல்கிரேட், ஒசாகா, சாந்தோ டொமிங்கோ, வாஷிங்டன் நகரங்களில் அவை நடந்தன.

இந்தியா

இந்திய ஆடவர் அணி 2019க்கான சுற்றில் ஜோர்டான், லெபனான், சிரியா இருந்த பிரிவில் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. 2023க்கான சுற்றில் நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ், தென்கொரியாவோடு ஒரே பிரிவு. கொரியா நீக்கப்பட்டதால் மிஞ்சிய மூன்று அணிகளும் இரண்டாம் சுற்றுக்குப் போயின.

ஆசியக் கோப்பையில் ஆடும் 16 அணிகளே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் ஆட முடியும் என்பதால், ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள் இந்தியாவுக்கு இரட்டிப்பு முக்கியம். அவற்றில் இரண்டு 2024 நவம்பரில் சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தன. 22ஆம் தேதி கத்தாரிடம் 53-61 என்று தோல்வி. மூன்று நாள் கழித்து அதே களத்தில் கஜகஸ்தானை 88-69 என்று வென்றது இந்தியா. பின்னர் 2025 மார்ச்சில் பஹ்ரைனில் நடந்த கூடுதல் தகுதித் தொடரில் வென்று, அவ்வாண்டு ஜெத்தாவில் ஆசியக் கோப்பையில் ஆடியது. அந்த வழியாகவே, கத்தாரில் 2027 ஆகஸ்ட் 27 அன்று தொடங்கவிருக்கும் உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றில், சவூதி அரேபியா, லெபனான், கத்தார் உள்ள பிரிவில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது.