பரதேசியில் காணாமல் போன குற்றம்

போன ஞாயிறு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோழர் வீட்டு மொட்டைமாடியில் கல்லூரி மாணவர்களோடு பாலாவின் 'பரதேசி' (2013) பார்த்தோம். படம் முடிந்து சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டார்: "அக்கா, இவங்க யாருமே ஏன் போலீஸ்கிட்ட போகல?"

படத்தில் அதற்குப் பதில் இல்லை. வரலாற்றில் இருக்கிறது.

படத்தின் மூலம் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். டேனியல் 1940-களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மருத்துவராகப் போனவர். வயதான தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். பெயருக்குத்தான் நாவல், உண்மையில் அது ஒரு வாக்குமூலம்.

அந்த மக்கள் போலீசிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் தள்ளலாம். தோட்ட முதலாளிகளுக்கென்றே 1903-இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமும் போட்டது. அதாவது, தப்பி ஓடியவர்தான் குற்றவாளி. படத்தில் ஓடியவனின் கால் நரம்பை அறுக்கிறார்கள். நாம் பதறுகிறோம், கங்காணியைத் திட்டுகிறோம். ஆனால் அவன் பின்னால் நின்ற சட்டம் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டவில்லை.

சாதியும் அப்படித்தான். மலையேறியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத பள்ளர், பறையர், அருந்ததியர். ஊர் பிழைக்க விட்டிருந்தால் அவர்கள் கங்காணியின் முன்பணத்தைத் தொட்டிருப்பார்களா? பாலாவின் ஊரோ சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கிறது. விறகு பிளந்த கூலியைக் கேட்டு ராசா அடிபடும் காட்சியில் ஒரு கதவு திறக்கிறது. அடுத்த நிமிடமே கங்காணி வந்து அதை மூடிவிடுகிறான்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் மருத்துவர்தான். நாவலின் ஆபிரகாம் தொழிலாளர் உயிருக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுபவர். படத்தில் அவர் இடத்தில் ஆடிப்பாடி மதம் மாற்றும் பரிசுத்தம். மிஷனரிகளை விமர்சிக்கக் கூடாதா? தாராளமாக விமர்சிக்கலாம். ஆனால் இந்தக் கதை நமக்குக் கிடைத்ததே ஒரு மருத்துவரால்தான். தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவரும் அவர். சாட்சி சொன்னவரைக் கோமாளியாக்கியபின் சங்கத்துக்கு எங்கே இடம்? படம் ராசாவின் கதறலோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கதறல் உலுக்குகிறது, மறுக்கவில்லை. செழியனின் ஒளிப்பதிவையும் மறுக்க முடியாது. ஆனால் மலையில் இருந்தவர்கள் அழுகையோடு நிற்கவில்லை. சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் ஏற்காடு மலை தெரியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அந்தத் தோட்டங்களுக்கு நம் பக்கத்து ஊர்களிலிருந்து யார் யார் போனார்கள், முன்பணம் எவ்வளவு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருவதாக இரண்டு மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு நாவலோடு உட்காருகிறோம்.