தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் மாணவரும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகமொன்றின் வரலாறு எழுதப்படும்போது அது பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவோ, உபவேந்தர்களின் வரலாறாகவோ, கட்டிடங்களின் வரலாறாகவோ அமைந்துவிடுகின்றது. அங்கு வந்து கற்றோர் யாவர், எத்தகைய வீடுகளிலிருந்து வந்தனர், வர இயலாது நின்றோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை இவ்வினாக்களின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை ‘முஸ்லிம் பல்கலைக்கழகம்’ என்று சிலர் பெருமையோடும் சிலர் குறையாகவும் குறிப்பிடுவர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது கருத்து.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தின் பொருளாதார அடித்தளம் நெல்லும் மீனுமாகும். நிலம் போடியார் கையிலும் உழைப்பு முல்லைக்காரன் கையிலும் இருந்த சமூகம் அது. போடியார் பலர் தமிழர், பலர் முஸ்லிம்கள், முல்லைக்காரரும் அவ்வாறே. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியபோது இங்குள்ள உழவனின் பிள்ளைக்கு அது எட்டாத உலகம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1943இல் அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார் என்பது உண்மையே. ஆயின் ஒரு மாமனிதர் சென்ற பாதை ஊரார் செல்லும் பாதையாகிவிடுவதில்லை.

அதே 1942இல் யுத்தகால உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். நெல் விளைவிக்க வந்த அதிகாரி, விளைவிப்போரின் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிற்பதைக் கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கமும், 1945இல் தோன்றிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் அவர் முயற்சியின் விளைவுகளாம். அவ்வாண்டிலேயே கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்ற தடை அகன்றது. ஆங்கிலம் என்ற தடை எஞ்சியது. 1960ஆம் ஆண்டளவிற் கலைப்பீடம் தாய்மொழி மூலம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே கிராமப்புற மாணவர் கணிசமான தொகையினராய்ப் பல்கலைக்கழகம் புகுந்தனர்.

இனித் தரப்படுத்தல் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். 1971 அனுமதிக்கெனத் தமிழ்மொழி மூல மாணவரிடம் மருத்துவத்துக்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவரிடம் 229 புள்ளிகளும் கோரப்பட்டன. இது அப்பட்டமான பாரபட்சம். இதற்குச் சமாதானம் கூற முடியாது. ஆனால் 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டு முறையை இதனோடு ஒருசேர வைத்து நோக்குவது வரலாற்றைக் குழப்புவதாகும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதிமிக்க கல்லூரிகளிற் பயின்றோரை அது பாதித்தது. அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கோ அது கதவைத் திறந்தது. எனவே தரப்படுத்தல் பற்றி வடக்குத் தமிழரின் நினைவும் தென்கிழக்குக் கரையோரத்தாரின் நினைவும் ஒன்றல்ல. தமிழ் அரசியல் எழுத்துகள் இவ்வேறுபாட்டைக் கவனிக்க மறுத்தமை தற்செயலானதன்று. அவற்றை எழுதியோர் எந்த வர்க்கத்தினர் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

இவ்வாறு வாய்ப்புப் பெற்ற இப்பகுதி மாணவர் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், 1981இல் மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாகிய வந்தாறுமூலை வளாகம் ஆகியவற்றுக்குச் சென்றனர். 1990 இந்த ஒழுங்கைச் சிதைத்தது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். வீரமுனையில் தமிழ் அகதிகள் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில், தமிழர் அடைக்கலம் புகுந்திருந்த வந்தாறுமூலை வளாகத்திலிருந்து 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் கற்ற, கற்பித்த முஸ்லிம்கள் அவ்விடங்களுக்குத் திரும்ப இயலாதவராயினர். இப்பின்னணியிலேயே, 1994இல் அமைச்சரான எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால், 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996 மே மாதம் அது முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் ஒலுவில் வயல்வெளியில் நிரந்தர வளாகமும் சம்மாந்துறையிற் பிரயோக விஞ்ஞான பீடமும் எழுந்தன.

தோற்றத்தின் காரணம் ஓர் இனத்தின் அவலமாயிருக்க, மாணவர் தொகுதி அவ்வினத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை. இதற்குக் காரணம் எளிது. இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி மத்திய முறையில் நடைபெறுவது. பல பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என இடங்கள் வகுக்கப்படுகின்றன. அம்பாறை அப்பதினாறில் ஒன்று. ஓர் ஊரிற் பல்கலைக்கழகம் எழுந்தால் நாட்டின் மொத்த இடங்கள் பெருகுமேயன்றி, அவ்வூர்ப் பிள்ளைக்கெனத் தனி இடம் உருவாவதில்லை. ஒலுவிலில் எழுந்த கட்டிடத்தைக் கண்டு ‘எமது பிள்ளைகளுக்கு’ என மகிழ்ந்த பெற்றோர் பலர் இதனை அறிந்திருக்கவில்லை.

ஆகவே இங்கு மாணவரை வகுக்கும் சக்தி இனமன்று, போதனாமொழியே எனலாம். கலை கலாசார பீடமும் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடமும் பெரிதும் தமிழ்பேசும் மாணவரைக் கொண்டவை. ஆங்கில மூலமான முகாமைத்துவம், பிரயோக விஞ்ஞானம் ஆகியவற்றிலும், 2010களில் தோன்றிய பொறியியற் பீடத்திலும் நாட்டின் பல மாவட்டங்களைச் சேர்ந்த சிங்கள மாணவர் பெருமளவிற் பயில்கின்றனர். ஒரே வாயிலினூடு நுழைவோர் இரு வேறு சமூகங்களாய்ப் பிரிகின்றனர்: வேலைச்சந்தையில் விலைபோகும் பட்டத்துக்குரியோர், ஆண்டுக்கணக்கில் அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் பட்டத்துக்குரியோர். இரண்டாவது பிரிவிற் கரையோரக் கிராமத்துப் பிள்ளைகளே மிகுதி. நாம் கவலைகொள்ள வேண்டியது வளாகத்திற் சிங்களவர் எத்தனை பேர் என்பது பற்றியன்று, இப்பிரிவினை பற்றியே. மொனராகலையின் சேனைப் பயிர்ச்செய்கையாளன் மகனும் பாலமுனை மீனவன் மகளும் அருகருகே அமர்ந்து கற்பதில் இழப்பெதுவும் இல்லை.

மகள் என்றோம். கலைசார் பீடங்களில் மாணவியரே பெரும்பான்மையினர். இக்கரையோரத்திற் பெண்ணுக்கு வீடு சீதனமாக வழங்கப்படும். மணமகனே மனைவியின் வீட்டுக்கு வருவான். மகளை ஊரோடு பிணைக்கும் இவ்வமைப்பில் பேராதனைக்கோ கொழும்புக்கோ அவளை அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், பஸ்ஸிற் போய் மாலையில் திரும்பக்கூடிய வளாகத்துக்கு அனுப்ப இணங்கின. பல்கலைக்கழகம் அருகில் அமைந்ததன் மிகப் பெரிய சமூக விளைவு இதுவே என நாம் கருதுகிறோம். அஷ்ரஃபின் மேடைப் பேச்சைக் கேட்டோர் அன்று இதனை எதிர்பார்த்திருப்பரா என்பது ஐயமே.

இனி வினாயகபுரத்துக்கு வருவோம். ஒலுவிலிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் கடந்து செல்லும் பொத்துவில் வீதியில் அமைந்த தமிழ்க் கிராமம் அது. மாவட்டப் பங்கீட்டின் பார்வையில் வினாயகபுரத்து மாணவியும் கல்முனை நகரத்து மாணவியும் சமமானவர்கள். இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. ஆனால் கல்முனையிற் பெருங்கல்லூரிகளும் தனியார் வகுப்புகளும் உண்டு. விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் பயில விரும்பும் கிராமத்துப் பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் அம்பாறைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைச் சீர்செய்யவந்த அளவுகோல், அம்பாறைக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை மறைக்கும் திரையாகிவிட்டது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், கல்லோயாக் குடியேற்றத்தின் சிங்கள விவசாயியின் மகனும் அதே பங்குக்காகவே போட்டியிடுகின்றான். ஏழைகள் மூவரும் ஒருவரையொருவர் ஐயுற, மூன்று சமூகத்தினதும் நகர்ப்புற மத்தியதர வர்க்கம் இடங்களைப் பெற்றுக்கொள்கின்றது.

அனுமதி பற்றி வெளியிடப்படும் புள்ளிவிவரங்கள் பீடம், பால், மாவட்டம், மொழிமூலம் என்ற நிரல்களில் அமைகின்றன. தந்தை எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறார், அது சொந்தமா குத்தகையா, அவர் தோணிக்கு உரியவரா அதிற் கூலிக்குச் செல்பவரா, மாணவர் உயர்தரம் பயின்ற பாடசாலை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற நிரல்கள் அவற்றில் இல்லை. ஒலுவில் வளாகத்தின் சமூகவியல் மாணவர் தம் சொந்த வகுப்பிலிருந்தே இந்நிரல்களை நிரப்பத் தொடங்கலாம்.