ஒரே நாளில் பிறந்த இரண்டு சட்டங்கள்

1995-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் செனட்டர் ஜேம்ஸ் எக்ஸான், இணையத்தில் எவரும் காணக் கிடந்த ஆபாசப் படங்களை அச்செடுத்து, நீல அட்டைக்குள் தொகுத்து, சக உறுப்பினர்களை அழைத்துக் காட்டினார். 84 பேர் ஆதரிக்க, 16 பேர் எதிர்க்க, செனட் சபையில் நிறைவேறிய அவருடைய யோசனை, 1996 பிப்ரவரி 8 அன்று ஜனாதிபதி கிளிண்டனின் கையொப்பம் பெற்றுச் சட்டமாயிற்று. பதினெட்டு வயது நிரம்பாதவர் காணும்படி அநாகரிகமானவற்றை இணையத்தில் இடுவது அதன்படி குற்றம். ஆனால் குழந்தைகளைக் காக்கும் பொருட்டுப் பெரியவர்களின் வாக்குச் சுதந்திரத்தையும் அது நசுக்கிவிடுகிறதென்று, 1997 ஜூன் 26 அன்று, நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் மூலம் உச்ச நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தது.

மறு வருஷம் அக்டோபர் 21 அன்று, ஒரே பெரிய நிதி மசோதாவுக்குள் அடங்கி, இரண்டு சட்டங்கள் ஒருங்கே பிறந்தன. முதலாவது, எக்ஸானின் நோக்கத்தையே சற்றுக் குறுக்கி, வியாபாரத் தளங்கள் சிறுவருக்குத் தீங்கானவற்றைக் காட்டலாகாது என்றது. நீதிமன்றத் தடைகளால் ஒருநாளும் அமலுக்கு வராமலே, 2009-இல் அது முடிவெய்தியது. இரண்டாவதோ வேறொரு மார்க்கத்தை நாடிற்று. குழந்தைகளுக்கான 212 தளங்களை மத்திய வர்த்தக ஆணையம் ஆராய்ந்தபோது, அவற்றில் 89 சதவிகிதம் குழந்தைகளிடமிருந்தே சொந்த விவரங்களைப் பெற்று வந்தது வெளிப்பட்டிருந்தது. ஆகவே, பதின்மூன்று வயதுக்குட்பட்டோரிடம் பெற்றோரின் சம்மதமின்றி அவ்விதம் பெறலாகாதென்று விதித்த அச்சட்டம், 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்து, இன்றளவும் நிலைத்திருக்கிறது.

எது அநாகரிகம் என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவது அரிது. ஒரு குழந்தையின் விலாசத்தை வியாபாரி கேட்டு வாங்கினானா என்பதோ சாட்சியத்தால் நிரூபிக்கத்தக்க விஷயம். முன்னது வீழ்ந்து பின்னது நின்றதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரும் பங்குண்டு. எனினும் நின்ற சட்டத்திலும் ஒரு வழுவிருந்தது. பயனர் சிறுவரென்று அறியாத பொதுத் தளங்களை அது கட்டுப்படுத்தாமையால், கம்பெனிகள் பிறந்த வருஷத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்தன; சிறுவர்களும் வயதைக் கூட்டி எழுதி உள்ளே புகுந்தார்கள். தன் தளம் பொதுமக்களுக்கானது என்று சொல்லிக்கொண்டே, குழந்தைகளிடையே தனக்குள்ள செல்வாக்கைப் பொம்மைக் கம்பெனிகளிடம் எடுத்துரைத்து விளம்பரம் திரட்டிய யூடியூப், 2019-இல் இச்சட்டத்தின் கீழ் 17 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. குழந்தை எழுதித்தரும் வயதை நம்பியிருந்த மட்டும் வலுவற்றிருந்த சட்டம், லாபம் பெறுகிறவன் தன் வாயால் சொன்னதைப் பற்றிக்கொண்டபோதுதான் பலித்தது.