பர்மாவில் நகரத்தார் முதலீடும் இந்திய அயலுறவும்

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றிய பின்னர், ஐராவதி ஆற்றுக் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாயின. ஐரோப்பிய வங்கிகள் பர்மியக் குடியானவருக்குக் கடன் தர முன்வரவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் தந்தனர். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவெங்கும் அவர்களுக்குச் சுமார் 1,650 லேவாதேவிக் கடைகள் இருந்தன.

அந்நாளில் பர்மா வெளிநாடு அன்று. பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். கடனை வசூலிக்கச் சட்டமும் நீதிமன்றமும் துணைநின்றன. அந்தப் பாதுகாப்பு நிலைக்கும் என்று வணிகர்கள் நம்பியதில் வியப்பில்லை.

1930இல் நெல்விலை சரிந்தது. கடன் திரும்பாததால் அடமான நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடமிருந்த நிலம், அந்த ஆண்டில் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. வட்டிக்குக் கொடுத்தவர்கள் விரும்பிய சொத்தன்று அது. ஆயினும் நிலத்தை இழந்த உழவருக்கு அந்த வேறுபாடு எப்படிப் புரியும்?

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அப்போதும் நகரத்தாரின் செல்வாக்கு முற்றிலும் போய்விடவில்லை. 132 இடங்கள் கொண்ட புதிய சட்டமன்றத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. நகரத்தார் டில்லியை நாடினர். நேரு அரசு தக்க இழப்பீடு கேட்டதே தவிர, சட்டத்தை எதிர்த்து நிற்கவில்லை. சென்னை மாகாணத்திலேயே 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருக்க, அண்டை நாட்டிடம் வேறு நியாயம் பேசுவது எளிதன்று. மேலும் ஊ நூ அரசு உள்நாட்டுக் கிளர்ச்சிகளால் தள்ளாடியது. 1949இல் சீனாவில் பொதுவுடைமையர் ஆட்சிக்கு வந்தனர். இந்நிலையில் இரங்கூன் நட்பே டில்லிக்குப் பெரிதாயிற்று. அரிசித் தேவையும் இருந்தது: 1954இல் பர்மாவிடமிருந்து 9 லட்சம் டன் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. ஒரு காலத்தில் நகரத்தார் கடனில் விளைந்த நெல், இப்போது அவர்களுக்கு எதிராகவே எடை போட்டது எனலாம்.

1962இல் நே வின் இராணுவ ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. இம்முறை அடிபட்டவர்களில் பெரும்பாலோர் லேவாதேவிக்காரர் அல்லர்; சிறுகடைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும்தாம். இந்தியா கப்பல்கள் அனுப்பி அவர்களை அழைத்துவந்தது; உறவை முறித்துக்கொள்ளவில்லை. அப்படி வந்தவர்கள் பாரிமுனை அருகே சாலையோரமாக வைத்த கடைகளே பர்மா பஜார்.