இருபத்தேழு மறுப்புகள்: இணையப் போக்கரும் ஆட்டக்காரரின் வாதமும்

இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்வது பற்றி 2022-இல் தமிழ்நாடு அரசு மின்னஞ்சல் வழியே பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. வந்த மின்னஞ்சல்கள் 10,735. தடை வேண்டும் என்றவை 10,708. வேண்டாம் என்றவை 27. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையோடு இந்தக் கணக்கும் தடைச் சட்டத்துக்குத் துணை நின்றது. செய்திகளில் அது மக்கள் தீர்ப்பாகவே இடம்பெற்றது. காசு வைத்து ஆடும் செயலிகள் ஊரெல்லாம் பரவியிருந்த காலத்தில் எதிர்ப்பவர் இருபத்தேழு பேர்தான் என்பது நம்பக்கூடியதல்ல. ஆடியவர் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது. அரசுக்கு எழுதி ‘நான் ஆடுகிறேன்’ என்று சொல்லத் துணிந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டுமே சொல்லும்.

நாஞ்சில் நாட்டில் இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கோயில் கொடை இரவில் விடியவிடிய இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களை யாரும் சூதாடி என்பதில்லை. அதே சீட்டைக் காசு வைத்து ஆடுகிறான் என்ற பேச்சு கிளம்பினால், பெண் கேட்டுப் போன இடத்தில் அது முதலில் வந்து நிற்கும். அந்தப் பேச்சுக்கு அஞ்சுகிறவர் அரசுக்கு மின்னஞ்சல் எழுதமாட்டார்.

நாளிதழ்ச் செய்திகளும் இந்த மௌனத்தை வளர்த்தன. ஆடப்பட்டது எதுவாயினும் தலைப்பில் ‘ஆன்லைன் ரம்மி’. கடன், கைப்பேசி, தற்கொலை என்ற வரிசையிலேயே செய்தி நகரும். அந்த மரணங்கள் உண்மை. அவற்றைச் சிறிதாக்கிப் பேசிய சில ஆட்டக்காரர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள். ஆனால் மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து ஆடியவரும், தோற்றதும் நிறுத்தியவரும், வென்று வருமான வரி கட்டியவரும் இச்செய்திகளில் தலைகாட்டுவதே இல்லை. பிணமாகவோ குற்றவாளியாகவோ ஆனால்தான் ஆட்டக்காரருக்குச் செய்தியில் இடம்.

போக்கர் ஆடுகிறவருக்கு இன்னொரு குறையும் உண்டு. அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்று யாரும் விளக்கியதில்லை. பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு; நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நான்கு சுற்றுப் பந்தயம். மோசமான கையை வைத்துக்கொண்டே எதிராளியைப் பின்வாங்கச் செய்து, சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துவிடலாம். ஒரு மாலைப் பொழுதில் அதிர்ஷ்டம் மேலோங்கும். ஆயிரக்கணக்கான கைகள் ஆடி முடிந்தால் கணக்கும் கணிப்பும் மேலோங்கும்.

இந்தத் திறமை வாதம்தான் நீதிமன்றங்களில் முன்வைக்கப்பட்டது. அதற்குச் சட்ட மரபும் இருந்தது. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையாலான ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சத்யநாராயணா வழக்கில் 1967-இல் கூறியது. 1996-இல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அவ்வகையில் சேர்த்தது. போக்கரின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, ஆடுபவருக்கே ஆறு மாதம்வரை சிறை என்றது. அதன்பின் வந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பர் 9-இல் அதே உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த இரண்டுக்கும் அது பொருந்தாது என்றது. ஆட்டக்காரர்கள் இதை வெற்றி என்றே கொண்டார்கள்.

நீதிமன்றத்தில் வென்ற இந்த வாதம் ஊரில் எடுபடவில்லை. காரணம் ஊராரின் அறியாமை மட்டுமன்று. வாதத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. போக்கர் திறமை ஆட்டம் என்று நிறுவிவிட்டால், திறமை குறைந்தவரின் தோல்வியும் உறுதியாகிவிடுகிறது. லாட்டரியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசின் லாட்டரி. 1967 முதல் நடப்பது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை செய்யப்பட்டபின், குமரிக்காரர்கள் எல்லை தாண்டிப் போய் டிக்கெட் எடுப்பது ஊரறிந்த சங்கதி. முழுக்க அதிர்ஷ்டமான அந்த விற்பனையை நடத்துகிற அரசே 2021 பிப்ரவரியில் பணம் வைத்த இணைய ரம்மியைத் தடுத்தது. ஏழு மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் அதை நீக்கிற்று. அரசுகளுக்கு அதிர்ஷ்டத்தோடு பகை இல்லை என்பது இதில் தெரிகிறது. தோற்பவர் பக்கமிருந்து பார்த்தால் லாட்டரியில் ஒரு நேர்மைகூட உண்டு: ஒரு டிக்கெட் எடுத்த எவருக்கும் ஒரே வாய்ப்பு. போக்கர் மேசையில் புதிதாக உட்கார்ந்தவருக்கு அதுவும் இல்லை. எதிரே இருப்பவர் பழுத்த ஆட்டக்காரர் என்பதும் அவருக்குத் தெரியாது.

செயலிக்கோ இழப்பே கிடையாது. யார் வென்றாலும் பந்தயத் தொகையில் ஒரு பங்கை ரேக் என்று எடுத்துக்கொள்ளும். எல்லோரும் சமதிறமை உள்ளவர்களாக இருந்தால், மெல்ல மெல்ல எல்லோருமே இழப்பார்கள். 2023 அக்டோபர் முதல் ஆட்டக்காரர் செலுத்தும் தொகை முழுவதன்மேலும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தபின் கணக்கு இன்னும் கடினமாயிற்று. தடை பற்றிய தொலைக்காட்சி விவாதங்களில் இந்தக் கணக்கு பேசுபொருளாகவில்லை. ஆட்டக்காரர்களும் நிறுவனங்களின் வாதத்தையே தங்கள் வாதமாக எடுத்துக்கொண்டதால், ரேக்கைப் பற்றிக் கேட்கவேண்டியவர்களே கேட்காமல் விட்டார்கள் என்பது என் கருத்து.

போக்கர் பற்றிய அமெரிக்காவின் டிகிறிஸ்டினா வழக்கு இங்கே ஒப்புநோக்கத் தக்கது. 2012-இல் நீதிபதி வெய்ன்ஸ்டீன் முன் ஒரு பொருளியலாளர் கோடிக்கணக்கான கைகளின் பதிவுகளை ஆராய்ந்து திறமையின் பங்கைக் காட்டினார், நீதிபதி ஏற்றார். மறுவருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்ட வாசகத்தை வைத்துத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் ஆதாரம் எங்கே இருக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. இணையத்தில் ஆடிய ஒவ்வொரு கையும் பதிவாகிறது. யார் எவ்வளவு இழந்தார், எந்த மணியில் இழந்தார், எத்தனை பேர் தொடர்ந்து வென்றார்கள் என்பதெல்லாம் நிறுவனங்களிடம் உள்ளது. 2021 தீர்ப்பு அரசைக் குறைகூறியதும் அறிவியல்பூர்வமான ஆய்வு இல்லை என்றுதான்.

2025 பிப்ரவரியில் மாநில இணையவழி விளையாட்டு ஆணையம் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பணம் வைத்து ஆடத் தடையும், ஆதார் சரிபார்ப்பும் விதித்தது. நிறுவனங்களோடு இ-ஸ்போர்ட் பிளேயர்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷன் என்ற ஆட்டக்காரர் சங்கமும் வழக்குத் தொடுத்தது. ஜூன் 3 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று அந்தரங்க உரிமை. இழப்புக் கணக்கைத் திறந்து காட்டி, ‘இரவு நேரத் தடை இவ்வளவு பேரைத்தான் காக்கும், ரேக்குக்கு உச்சவரம்பு வைத்தால் இதைவிட அதிகம் பேரைக் காக்கலாம்’ என்று வாதிட்டிருந்தால் செய்தியாளரும் அதை எளிதில் ஒதுக்கியிருக்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் இந்த விவாதத்தையே கலைத்தது. 20-ஆம் தேதி மக்களவை, 21-ஆம் தேதி மாநிலங்களவை, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்த இணைய ஆட்டம் எதுவும் கூடாது. நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை, அவர் பாதிக்கப்பட்டவர். 2020-இல் குற்றவாளியாக இருந்தவர் ஐந்தாண்டில் பாதிக்கப்பட்டவரானார். இரண்டு முறையும் அவரை வரைந்தது செய்தித்தலைப்புதான். புதிய சட்டத்தை எதிர்த்து முன்னால் நின்றவையும் நிறுவனங்கள்தான். தங்களிடமுள்ள கைப் பதிவுகளைப் பொதுவில் வைக்க அவற்றுக்கு ஆதாயம் ஏதுமில்லை. அந்தப் பதிவுகளைக் கேட்கும் உரிமையும் தேவையும் ஆட்டக்காரருக்கே உண்டு; அவர் வென்றவராக இருந்தாலும் தோற்றவராக இருந்தாலும்.